உப்பில் ஒரு வரப்பு

உங்கள் மேசையின் முன்கால் ஒன்று குட்டை, ஐயா. நீங்கள் எழுத எழுதத் தேநீர் ததும்புகிறது. தப்பாக நினைக்காதீர்கள், இந்த அட்டையை நாலாக மடித்து அடியில் கொடுத்துவிடுகிறேன். ஆயிற்று. இனி எழுதுங்கள், பேனா வழுக்கிக்கொண்டு ஓடும்.

மேடு பள்ளத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. விருந்துக்குப் போனாலும் ஆட்களைப் பார்க்க மாட்டேன், தரையைத்தான் பார்ப்பேன். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருப்பார்கள், நான் சின்னதாக ஒரு ரசமட்டம் வைத்திருப்பேன். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி, அது நடுவில் நின்றால் தரை சமம். உள்ளே வரும்போது உங்கள் காவலர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். கீழே போட்டுவிடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

உப்பு ஏரியில் நடந்த கார் விபத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். விசாரணைக் குழு எல்லாம் முடித்துக் கையைக் கழுவிவிட்டதே, இப்போது என்ன என்று கேட்டீர்கள். அவர்கள் முடித்த விதம் சரியில்லை. ஒரு மனிதன் ஆயுள் முழுக்கச் சேர்த்த பெயரை அப்படிப் போகிறபோக்கில் துடைத்துவிட்டுப் போகக் கூடாது. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

ஓட்டியவர் என் தங்கையின் கணவர். எனக்கு மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். தரையில் ஓடும் வண்டிகளிலேயே வேகமானது என்ற சாதனையை உடைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக அவரும் நண்பர்களும் சேர்ந்து கட்டியதைக் கார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். விமான இன்ஜின் ஒன்றைப் படுக்கவைத்து, மூக்கைக் கூராக்கி, அடியில் அலுமினியச் சக்கரம் மாட்டி, நடுவில் ஓர் ஆளைத் திணித்தால் அதற்குப் பெயர் கார். ரப்பர் டயர் கிடையாது. அந்த வேகத்துக்கு ரப்பர் பிய்ந்து பறந்துவிடும். நிறுத்துவதற்குப் பின்னால் பாராசூட்.

அப்படிப்பட்ட வண்டி ஓட ரோடு போதாது. மழைக்குத் தண்ணீர் நின்று, வெயிலுக்கு வற்றி, உப்பாகக் காய்ந்துபோகும் ஏரி வேண்டும். எங்கள் ஏரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைதான், ஒரு புல் பூண்டு கிடையாது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்பார்கள். கிட்டே போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும், உப்பு பாளம் பாளமாக வெடித்து ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டிருக்கும். அந்த ஓரங்களை வழித்துச் சமமாக்குவதுதான் என் வேலை. தண்டவாளத் துண்டு ஒன்றைக் குறுக்காகச் சங்கிலியில் கட்டி லாரிக்குப் பின்னால் இழுப்பேன். ஆள் நடக்கிற வேகம், அதற்கு மேல் கூடாது. கூடினால் இரும்பு துள்ளும். ஆக, உலகத்திலேயே வேகமான வண்டி ஓட வேண்டுமானால் அதற்கு முன்னால் உலகத்திலேயே மெதுவான வண்டி ஒன்று ஓடியாக வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள்.

மாப்பிள்ளை எனக்கு வைத்த பெயர் இஸ்திரி மச்சான். உப்புக்கு இஸ்திரி போடுகிறேனாம். அணியில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது. எனக்கும் சிரிப்புத்தான் வரும். நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

இரண்டு விதிகளைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். முதல் விதி சாதனை எழுதுகிறவர்களுடையது. ஒரு திசையில் ஓடினால் போதாது, காற்று பின்னாலிருந்து தள்ளிவிட்டிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓடிக் காட்ட வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. போன தடம் சக்கரம் உழுத வயல் மாதிரி ஆகிவிடும் என்பதால் திரும்பி வருவது பக்கத்துத் தடத்தில். அந்த ஒரு மணி நேரத்தில் மற்றவர்கள் காரைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்கள், நான் தனியாகப் போய்த் திரும்பும் தடத்துக்குக் கடைசி இழுப்பு இழுப்பேன். முடித்துவிட்டு வாக்கி டாக்கியில் “தடம் சுத்தம்” என்பேன். நான் அதைச் சொல்லாமல் கார் நகராது. கடிகாரத்தோடு நிற்கும் அதிகாரியும் கொடி காட்ட மாட்டார்.

இரண்டாம் விதி என் தொழிலுடையது. இழுக்க ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. இரும்பு உப்பை வழித்துத் தனக்கு முன்னால் சேர்த்துக்கொண்டே போகும். லாரி நின்றால் சேர்ந்த உப்பு அங்கேயே படிந்துவிடும். மறுபடி கிளம்பும்போது இரும்பு அதன்மேல் ஏறிப் போய்விடும், தடத்துக்குக் குறுக்கே ஒரு வரப்பு நிற்கும். ஆகவே தும்மல் வந்தாலும் ஓட்டிக்கொண்டே தும்ம வேண்டும். வயிற்றைக் கலக்கினால் என்ன செய்வது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். முந்தின நாள் சாப்பிடும்போதே யோசிக்க வேண்டியது என்பேன். விரல் கனத்துக்கு ஒரு வரப்பு இருந்தால் நம் லாரிக்கு அது தெரியவே தெரியாது. அந்த வேகத்தில் வருகிற காருக்கு அது மதில் சுவர். இதையும் அவர்களுக்கு நானேதான் சொல்லிக்கொடுப்பேன்.

இப்போது என் தங்கை. நான் செய்ததெல்லாம் அவளுக்காகத்தான் என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவள் கணக்கு டீச்சர். லீவு கிடைக்கும்போதெல்லாம் ஏரிக்கு வருவாள். கார் கிளம்பும் நேரத்தில் தங்கும் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, கழுவின டம்ளரையே கழுவிக்கொண்டிருப்பாள். இன்ஜின் சத்தம் காதில் விழாமல் இருக்க. சத்தம் அடங்கியதும் ஈரக் கையோடு வெளியே வந்து யாரையும் பார்க்காமல் என் முகத்தை மட்டும் பார்ப்பாள். நான் தலையை ஆட்டினால்தான் அவளுக்கு மூச்சு வரும். அப்படி ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டு அண்ணன் என்று ஒருவன் சும்மா இருக்க முடியுமா?

மாப்பிள்ளை அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சாதனையை உடைத்த அன்றோடு ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன் என்று. நானும் அதை நம்பித்தான் உப்பில் வெந்தேன்.

போன வருடம் ஒரு விருந்து நடந்தது. உலக சாதனை இல்லை, அதற்குக் கீழே ஒன்று கிடைத்ததற்காக. மாப்பிள்ளை மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொன்னார். இன்ஜின்காரருக்கு, பாராசூட் மடிக்கிற பெண்ணுக்கு, தண்ணீர் லாரிக்காரருக்கு, எங்கள் கொட்டகையில் படுத்துக் கிடக்கும் நாய்க்கு. நாய் எழுந்து நின்று வாலை ஆட்டியது, எல்லோரும் கைதட்டினார்கள். கடைசியாக, “நம்ம இஸ்திரி மச்சானுக்கும் நன்றி. அவர் லாரி ஓட்டுறதப் பாத்துத்தான் நாங்க எல்லாரும் நல்லாத் தூங்குனோம்,” என்றார். கூடம் அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேற, இன்ஜின்காரர் என் தலையில் தட்டிவிட்டார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அதற்கும் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தெளிவாக்கத்தான்.

சம்பவத்தன்று காலை காற்றே இல்லை. நான் இரண்டு தடங்களையும் இழுத்து முடித்துவிட்டு லாரியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வந்து என் தோளில் கை போட்டார். முகமெல்லாம் பல்.

“மச்சான், இன்னிக்கு உடைச்சிருவோம். அடுத்த வருஷம் புது வண்டி. இதவிட வேகமா. ஆளுங்ககிட்டப் பேசியாச்சு.”

“தங்கச்சிகிட்ட நிறுத்திடுவேன்னு சொன்னீங்களே, மாப்பிள்ளை?”

“அவகிட்டயும் சொல்லிட்டேன். முதல்ல முறைச்சா, அப்புறம் சிரிச்சுட்டா. அடுத்த வருஷம் நீளமா லீவு போட்டுட்டு வந்துடறேங்கறா. ஆங், இன்னொண்ணு. உப்பு வழிக்கறதுக்கு லேசர் வெச்ச மெஷின் வருது. நீங்க இனிமே நிழல்ல உக்காந்து காபி குடிங்க மச்சான். எவ்வளவு நாள்தான் வெயில்ல கிடப்பீங்க?”

பார்த்தீர்களா ஐயா, என் தங்கை சிரித்தாளாம். பயந்து பயந்து அழக்கூடத் தெம்பில்லாமல் போனவள் சிரிக்கத்தானே செய்வாள்? லேசர் மெஷினைப் பற்றி நான் அப்போது நினைக்கவே இல்லை. அதுவும் அந்த மெஷின் ஈர உப்பில் ஒன்றுக்கும் உதவாது, சக்கரம் புதையும், அதன் கத்தி நேராக வெட்டுமே தவிர உப்பின் குணம் பார்த்து வெட்டாது. இதையெல்லாம் ஒரு விநாடிகூட நினைக்கவில்லை.

முதல் ஓட்டம் எப்படி என்றால், நான் அத்தனை வருடத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வெள்ளையில் ஒரு கோடு கிழித்த மாதிரி போனது. சத்தம் பின்னால் தேடிக்கொண்டு வந்தது. சாதனையை விடக் கணிசமாக அதிகம் என்றார் கடிகார அதிகாரி. திரும்பும் ஓட்டம் சுமாராக இருந்தாலே போதும். அன்றைக்கு என் தங்கை வண்டிக்குள் போகவில்லை. குழாயைத் திறக்கவில்லை. எல்லோரோடும் வெளியில் நின்று முழு ஓட்டத்தையும் பார்த்தாள், கைதட்டினாள், துள்ளினாள். அந்தத் துள்ளலுக்குள் எவ்வளவு வேதனை இருந்தது என்று கூடப்பிறந்தவனுக்குத்தான் தெரியும்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறந்துவிட்டிருப்பாள்.

நான் லாரியை எடுத்தேன். இழுக்கும்போது வாக்கி டாக்கியை அணைத்துவிடுவது என் பழக்கம், பேச்சு கேட்டால் கை ஆடும். திரும்பும் தடத்தின் நடுவில்தான் கணக்கெடுக்கும் பகுதி, கார் முழு வேகத்தில் இருப்பது அங்கேதான். அது வரைக்கும் இழுத்த இழுப்பு மாதிரி நான் இழுத்ததே இல்லை. ரசமட்டத்தை வைத்திருந்தால் குமிழி நடுவில் தூங்கியிருக்கும். நடுப்பகுதிக்கு வந்ததும் லாரியை நிறுத்தினேன். ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் காபி குடித்தேன். மூடியைத் திருகினேன். கிளம்பினேன். நான் செய்தது அவ்வளவுதான், ஐயா. நின்றேன். வேகத்தால் ஆட்கள் செத்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நின்றதற்காக யாரையாவது பிடித்திருக்கிறீர்களா?

ஒரு குலுக்கல் குலுக்கட்டும், பயந்து பாராசூட்டை இழுக்கட்டும், சாதனை கைநழுவிப் போகட்டும், புத்தி வரட்டும், தங்கை நிம்மதியாகத் தூங்கட்டும். இப்படித்தான் நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். தடத்தின் முனைக்குப் போய் வாக்கி டாக்கியை முடுக்கி “தடம் சுத்தம்” என்றேன். என் வாழ்க்கையில் பாதையைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அது. மாப்பிள்ளையின் குரல் வந்தது. “வந்துட்டே இருக்கேன் மச்சான்.”

கார் வந்தது. நடுவில் மூக்கு லேசாக நிமிர்ந்தது, யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிறவர் மாதிரி. அதற்குப் பிறகு அது கார் இல்லை. வெகு நேரம் உப்பு பறந்துகொண்டிருந்தது. என் தங்கை கத்தவில்லை, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு வலியே தெரிந்திருக்காது என்றார் டாக்டர். அவ்வளவு வேகத்தில் போனதால் அவருக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

துக்கம் விசாரித்த உறவினர்கள் போன பிறகு விசாரணைக் குழு வந்தது. கொட்டகையில் நாற்காலி போட்டு எல்லோரையும் உட்காரவைத்தார்கள். தலைவர் பழைய பந்தய ஓட்டுநர், எந்நேரமும் பல்குச்சியை மென்றுகொண்டிருப்பவர். முதலில் வாக்கி டாக்கிப் பேச்சுப் பதிவைப் போட்டார்கள். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில், நான் அணைத்து வைத்திருந்த நேரத்தில், மாப்பிள்ளை கடிகார அதிகாரியிடம் பேசியிருக்கிறார்.

“நான் ஒண்ணுமே பண்ணல சார். ஸ்டியரிங்க சும்மா புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். வெண்ணெய் மாதிரி இருக்கு பாதை. இன்னிக்குச் சாதனை கிடைச்சா அது எங்க மச்சானோடது. சாயங்காலம் மைக்ல இத முதல்ல சொல்லணும், ஞாபகப்படுத்துங்க.”

பாராசூட் மடிக்கிற பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அந்த இடத்தை இன்னொரு முறை போடச் சொன்னேன். போட்டார்கள். மூன்றாவது முறையும் கேட்டேன். துக்கத்தில் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு பிரதி கிடைக்குமா என்றும் கேட்டு வைத்தேன், இன்னும் வரவில்லை. நீங்கள் கேட்டால் உடனே தருவார்கள்.

அந்த நல்ல வார்த்தைக்குப் பிறகுதான் தலைவர் வாயிலிருந்த குச்சியை எடுத்துவிட்டு முடிவைச் சொன்னார். பாதையில் மேடு. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. “பெரியவர் அசதியில ஒரு நொடி நின்னிருப்பார், நின்னதே அவருக்குத் தெரிஞ்சிருக்காது. வயசாச்சு. அந்த வெள்ளையில கண்ணும் கூசும். வரப்பு கண்ணுக்குத் தப்பிடுச்சு.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. மாப்பிள்ளை போனபோதுகூட நான் அப்படி நடுங்கவில்லை. இன்ஜின்காரர் வந்து முதுகைத் தடவி, “விடுங்க மச்சான், யாருக்கும் நடக்கறதுதான்,” என்றார். யாருக்கும் நடக்குமாம். பாராசூட் பெண் தண்ணீர் கொடுத்தாள். நாய்கூட வந்து காலடியில் படுத்துக்கொண்டது. அத்தனை பேரும் என்னை மன்னித்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கைதான் எல்லோரையும் மிஞ்சிவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்மேல தப்பே இல்லண்ணா. நீ வேணும்னா செஞ்ச? அதையே நெனச்சு உருகாத. எனக்கு இப்ப உன்ன விட்டா யாரு இருக்கா?” என்றாள். மறுநாள் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் என்ன, கடை வைத்திருப்பவர்தானே, ஏதோ ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார். என் தங்கை தன் கையால் கண்ணாடியை என் காதில் மாட்டி, “இப்ப நல்லாத் தெரியுதாண்ணா?” என்று கேட்டாள். அந்தக் கண்ணாடிக் கடையின் தரை வாசலை நோக்கிச் சரிந்திருந்தது. கண்ணாடி போடுவதற்கு முன்பே எனக்கு அது தெரிந்தது.

அன்றிலிருந்து அவள் கொஞ்சம் தூங்குகிறாள், சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்றிருக்கிறாள். யார்மேலும் கோபமில்லாததால் மனசு லேசாக இருக்கிறதாம். நல்லதுதான். நான்தான் தூங்கவில்லை. படுத்தால் பல்குச்சிக்காரர் குரல் கேட்கிறது. நின்றதே தெரிந்திருக்காதாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்குச் சோறு போட்டதே உப்புதான், அந்த உப்புக்கு இப்படி ஒரு கெட்ட பேரா?

அதனால்தான் விட்டதையும் சொல்லிவிடுகிறேன், பேனாவை மூடாதீர்கள். நான் நின்றது ஒரு தடவை இல்லை. முதல் தடவை நின்று கிளம்பியதும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். வரப்பு ஒரு விரல் கனம்கூட இல்லை. குலுக்க மட்டும் அது போதும். மறுபடி ஏறி, லாரியைச் சுற்றி வளைத்துப் பின்னால் கொண்டுபோய், உப்பைச் சேர்த்துக்கொண்டு வந்து அதே இடத்தில் இரண்டாவது முறை நிறுத்தினேன். திரும்ப இறங்கி, மண்டியிட்டு, விரல் வைத்துப் பார்த்தேன். மூன்று விரல். தடத்தின் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரை ஒரே உயரம், ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து அதன்மேல் வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. அதைப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் லாரியில் ஏறினேன். அசதியில் கண் கூசிய கிழவன் செய்கிற வேலையா அது, நீங்களே சொல்லுங்கள். மூன்று விரல் என்ன செய்யும் என்று அந்த ஏரியில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. குலுக்கல், பாராசூட் என்று மேலே எழுதியதை வேண்டுமானால் அடித்துவிடுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? போடுகிறேன். மேசை இப்போது எப்படி நிற்கிறது பார்த்தீர்களா.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் தங்கைதான். ஏதோ ஒரு கையெழுத்து பாக்கி என்று சொல்லித்தான் கிளம்பினேன், தனியாக விட மாட்டேன் என்று கூடவே வந்துவிட்டாள். மடியில் என் கண்ணாடிக் கூடு இருக்கும், நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து எடுத்து வந்திருக்கிறாள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்கு அவ்வளவு நன்றாகப் பேச வராது. எடுத்த எடுப்பில் வரப்பைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள், தாங்க மாட்டாள். கண் விஷயத்தை முதலில் சொல்லுங்கள். அண்ணனுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தால் அவளுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருக்கும்.